இன்னிக்கு எத்தன?

"வெளிய வாடா பரணி!"

குளியலறைக் கதவைத் தர்மராஜ் உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார். கூடத்தில், குளிர்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெகதாம்பாள், புருஷன் முகத்தை மறைத்த பனியை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் மறுபடி படிந்தது.

"அண்ணி, தோஹாவுலேருந்து வந்து எறங்குனதுலேருந்து ஒங்க மவனுக்கு ரெண்டே வேல. உள்ள போறான், வந்து பிரிட்ஜத் தொறந்து பாக்குறான். பாட்டில எங்க வச்சிருக்கான்னு கேளுங்க. குடிச்சவன் கையில கொள்ளிச்சட்டியக் குடுக்க வுடமாட்டேன். எங்கண்ணன் ஒரு சொட்டு தொட்டவரில்ல."

"கத்தாதீங்க தம்பி. சாவு வூடு."

சொன்னாளே தவிர, அந்தச் சந்தேகம் அவளுக்கும் பல வருஷமாக உண்டு. மகன் போன் பண்ணினால் அவள் புருஷன் ஆண்டவர் முதலில் கேட்பது, "இன்னிக்கு எத்தன?" பதிலுக்கு ஏற்றபடி முகம் தெளியும், இல்லை சுருங்கும். என்ன எத்தன என்று இவள் கேட்டால், "ஆம்பள சமாச்சாரம், வுடு" என்பார். கிளாஸ் கணக்கு என்றே நினைத்திருந்தாள்.

கதவு திறந்தது. வெளுத்துப்போன முகத்தோடு வந்த பரணிதரன் சித்தப்பாவைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனான். பிரிட்ஜுக்குள் விளக்கு எரியவில்லை.

"யாரு இத நிறுத்துனது?"

"நாந்தான், இப்பத்தான். பெட்டி கொண்டாந்தவன் அதுக்குப் பெரிய பிளக் வேணுங்குறான். ரெண்டையும் போட்டா அடிக்கடி பீஸ் போவுது. ஏன், ஊத்திக் குடிக்க ஐஸ் வேணுமா தொரைக்கு?"

அவன் பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தான். பிணத்தின் பக்கத்திலிருந்து எழக் கூடாதவள் எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒங்கப்பாவும் இப்புடியேதான் சொன்னாரு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊசிம்மா. கொடல்ல புண்ணு. தீராது. ஊசி போட்டா அடங்கிக் கெடக்கும். சூடாச்சுன்னா மருந்து வீணு. நாளைக்குப் போடணும், இங்க கேட்ட ஒடனே கெடைக்காது. தவறுச்சுன்னா ரத்தமாப் போவும். கிரேன் மேல ஏறி ஒக்காந்தவன் நெனச்சப்பல்லாம் எறங்க முடியுமா? வேலைய வுட்டுத் தூக்கிருவான்."

"அவருக்குத் தெரியுமா?"

"எத்தன தடவ போனேன்னு தெனம் கேப்பாரு. நீ அழுவேன்னுதான் சொல்லல."

அழுவதற்கு அவளிடம் நேரமில்லை. பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கலாமென்றால், சாவு வீட்டுப் பொருளை எவள் உள்ளே வாங்குவாள்?

"மவ தென்றலு எங்க வர்றாளாம்?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"பெரம்பலூர்ல பஸ் மாறுறா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும் அண்ணி."

ஜெகதாம்பாள் குனிந்து குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜின் வயரைச் செருகினாள். அது ஒரு குலுக்கலோடு உறுமத் தொடங்கியது. கூடத்தில் பெட்டியின் இரைச்சல் நின்றுபோனதும், அழுதுகொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணி! அண்ணன் ஒடம்பு என்னாவறது?"

"அவருக்கு ஆனது ஆயிருச்சு தம்பி. இவனுக்குக் கொடல்ல புண்ணு, நாளைக்கு ஊசி போட்டாவணும்."

தர்மராஜ் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பரணியின் இடுப்பில் வேட்டி நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகியிருந்ததைப் பார்த்தார். துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"சுடுகாட்டுக்குப் போற வழியில முந்திரிக்கொல்ல இருக்குடா," என்றார், சுவரைப் பார்த்தபடி. "ஒதுங்கணும்னா சொல்லு. சட்டிய நான் புடிச்சிக்கிறேன்."

பரணி தலையாட்டினான். அட்டைப்பெட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடினான்.

ஜெகதாம்பாள் அவன் காதருகே போனாள்.

"இன்னிக்கு எத்தன?"

அவன் ஒரு கை விரல்களை விரித்தான். கொஞ்சம் தயங்கி, அடுத்த கையையும் தூக்கினான்.

அவள் கூடத்துக்குத் திரும்பிப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். இந்தத் தடவை பனி படியவில்லை.