மறக்க முடியாத நாள், இருபது மார்க்

விடைத்தாள் மையத்தில் மூன்றாவது தாளின் ஆங்கிலக் கட்டுரையைப் பிரித்ததுமே நிப்ராஸ் டீச்சர் முதல் இரண்டு தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

முதல் தாளில், அமாரா என்ற அந்த ஊரின் பாலத்தடியில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் அம்மா எருமைப் பாலேடு விற்றாள், சாலையைக் கடக்கும்போது வண்டி மோதிச் செத்தாள். ஐயோ பாவம் என்று பதினாறு போட்டாள் டீச்சர். இரண்டாவது தாளில் இன்னொரு பிள்ளையின் அம்மா அதே பாலத்தடியில் அதே பாலேடு விற்று, அதே வெள்ளை வண்டியில் அடிபட்டாள். மூன்றாவதிலும் அவளேதான். ஒரே ஊரில் எத்தனை அம்மாதான் ஒரே வண்டியில் அடிபட்டுச் சாவார்கள்?

ஒருத்திதான். அவள் ரபாபின் அம்மா.

ரபாப் நிப்ராஸிடம் மூன்று வருடம் ஆங்கிலம் படித்தவள். மற்ற பெண்கள் பாடப்புத்தகத்துக் கதைகளைத் தொடக்கூட மாட்டார்கள். கேள்வி பதிலை மட்டும் உருப்போட்டுக்கொண்டு வந்து கொட்டுவார்கள். இவள் ஒருத்திதான் கதையைப் படிப்பாள். படித்துவிட்டுச் சண்டைக்கும் வருவாள். "டீச்சர், அவன் பாட்டுக்கு ஊரை விட்டுப் போயிடறான். அவன் தங்கச்சி என்ன ஆனாள்னு எழுதினவருக்கு அக்கறையே இல்லையா?" என்று கேட்டால் டீச்சர் என்ன சொல்வாள்? அதற்கெல்லாம் எந்த நோட்ஸிலும் பதில் கிடையாது.

முதல் வருடம் 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் பெரிய வீடு, தோட்டம், தோட்டம் நிறைய ரோஜா. ரபாபுக்கும் ரோஜாதான். ஊர்க்கோடியில் தகரக் கூரையும் மூன்று எருமையுமாக இருந்த அவள் வீட்டை நிப்ராஸ் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"ஏண்டி, உன் எருமைங்க ரோஜாவை விட்டா வெச்சுது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, ரபாபும் சிரித்தாள். "இனிமே என்கிட்ட பொய் எழுதிட்டு வராதே" என்று டீச்சர் போகிறபோக்கில் சொன்னதை அந்தப் பெண் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வருடம் அம்மா செத்தாள். மூன்றாம் வருடம் ரபாப் அதைக் கட்டுரையாக எழுதிக்கொண்டு வந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், நீ தட்டைப் பார்த்துக்கொள் என்று இவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்களாம். வாடிக்கைக்காரர்கள் வழக்கம்போல் வந்து கேட்டார்களாம். இவளும் ஏட்டை வெட்டி வெட்டிக் கொடுத்தாளாம். கடைசி வரி இப்படி இருந்தது: அம்மாவின் பாலேடு ஒன்பது மணிக்குத் தீர்ந்தது, அம்மா எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டாள். ஆங்கிலத்தில் மனுஷியை அப்படிச் சொல்வது தப்புதான். சிவப்புப் பேனாவைத் திறந்த டீச்சர் மறுபடி மூடி வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"பரீட்சையில எந்தத் தலைப்பு வந்தாலும் இதைக் கொண்டுவந்து பொருத்திடு" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நிப்ராஸ்தான். ஆங்கிலத்தில் எண்பத்தைந்து வாங்கினால் ஊர்க் கல்லூரியில், ஆசிரியர் படிப்பில், ஆங்கிலப் பிரிவில் இடம். எண்பத்து நாலு என்றால் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இடம் கிடைச்சா போ. கிடைக்கலைன்னா உங்கம்மா தட்டைத் தூக்கிட்டுப் பாலத்தடிக்குப் போ. அடுத்த வருஷம்ங்கிற பேச்சே என்கிட்ட வேணாம்."

சரி, இத்தனை பிள்ளைகள் கைக்கு அந்தக் கட்டுரை எப்படிப் போனது? அங்கேதான் இருக்கிறது கூத்து. நிப்ராஸின் தம்பி முஹன்னத் ட்யூஷன் வாத்தியார். 'ஆங்கிலச் சக்கரவர்த்தி' என்று கோட்டு சூட்டோடு ஊரெங்கும் பேனர் கட்டிக்கொண்டவன். அவன் போடும் மல்ஸமா, அதுதான் நோட்ஸ் புத்தகம், ஜெராக்ஸ் கடைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விருந்தில் நிப்ராஸ் பெருமை தாங்காமல் ரபாபின் கட்டுரையை வீட்டார் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். முஹன்னத் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

மதிய இடைவேளையில் விடைத்தாள் மையத்தின் வாசலுக்கு ஓடி, காவல்காரரிடம் கொடுத்திருந்த செல்போனை வாங்கி அவனுக்கு அடித்தாள்.

"டேய், அது அந்தப் பொண்ணோட அம்மாடா!"

"எந்த அம்மா? ஓ, அதுவா! மறக்க முடியாத நாள்னுதான் வரும்னு அடிச்சுச் சொன்னேன்க்கா. வந்துச்சா இல்லையா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"ரம்ஜானுக்கு முன்னாடியே உன் வீட்டுக்கு ஒரு புஸ்தகம் அனுப்பினேனே, பிரிச்சே பார்க்கலையா? கடைசி வரிதான் கண்றாவியா இருந்துச்சு, 'காலமானாள்'னு திருத்திட்டேன். முதல் பக்கத்துல உனக்கு நன்றி கூடப் போட்டிருக்கேன்."

அந்தப் புத்தகம் அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் பல மாதமாகக் கிடந்தது. அதன் மேல் அரிசி டப்பாவை வைத்திருந்தாள். போனைக் காவல்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உள்ளே வருவதற்குள் மையத் தலைவர் உத்தரவை ஒட்டிவிட்டார். நோட்ஸிலிருந்து உருப்போட்டு எழுதிய கட்டுரைக்கு ஐந்து மார்க், அதற்கு மேல் கிடையாது. நியாயமான உத்தரவுதான், யார் குறை சொல்ல முடியும்! நிஜமாகவே அம்மாவைப் பறிகொடுத்தவளுக்கும் அதே ஐந்துதான். நிப்ராஸ் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கட்டுரைக்கு வெளியே எண்பது மார்க். அதில் ஒன்றுகூட விடாமல் வாங்கியிருந்தால் எண்பது, இதில் ஐந்து, எண்பத்தைந்து. ரபாப் அதையும் செய்யக்கூடியவள்தான். யா அல்லா, அந்த ஐந்து மார்க்காவது தங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பதினாறை அடித்து ஐந்தாக்கினாள்.

தாள்களில் பெயரைக் கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஆனால் மூன்று வருடம் திருத்திய கையெழுத்து மறந்துபோகுமா? வரியின் கடைசியில் மேலே ஏறிக்கொண்டே போகும் அந்தச் சாய்ந்த எழுத்தை ஒவ்வொரு தாளிலும் தேடினாள். ஒரு தாளில் அம்மா ஐஸ்க்ரீம் விற்றாள். இன்னொரு புண்ணியவான் அவசரத்தில் அப்பாவைப் பாலேடு விற்க வைத்து, கடைசியில் அம்மாவைச் சாகடித்திருந்தான். பக்கத்து மேஜை டீச்சர் அதைப் படித்துவிட்டு டீயைக் கொட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். ஆகஸ்ட் வெயிலில் ஜெனரேட்டர் நின்று நின்று ஓடியது. ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே போனாள் நிப்ராஸ். ஒவ்வொரு ஐந்துக்கும் அந்த மனுஷி இன்னொரு தரம் செத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அந்தக் கையெழுத்து வந்தது.

முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். மற்றவர்கள் திருத்திய கேள்விகள் அவை. இலக்கணத்துக்கு முழு மார்க், கதைக் கேள்விகளுக்கு முழு மார்க், எங்கும் ஒரு வெட்டுகூட இல்லை. அடிப் பாவி, எண்பதுக்கு எண்பது வாங்கியிருக்கிறாளே! அல்ஹம்துலில்லாஹ் என்று கட்டுரைப் பக்கத்துக்கு வந்தாள்.

பாலம் இல்லை, பாலேடு இல்லை, வண்டி இல்லை. மூன்றே வரி.

எனக்கு மறக்க முடியாத நாள் ஒன்றுதான் உண்டு. இன்று தேர்வுக் கூட வாசலில் எல்லாரும் அதை மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வேறு நாள் இல்லை.

நிப்ராஸ் மூன்று வரியையும் மறுபடி படித்தாள். தன் அம்மாவின் சாவை யார் வாயிலோ கேட்டுக்கொண்டு, அதுவும் 'காலமானாள்' என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் எப்படித்தான் உள்ளே போய் உட்கார்ந்தாளோ! யார் விற்றிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தக் கட்டுரையை அவள் கொடுத்தது ஒரே ஒருத்தியிடம்தானே. சிவப்புப் பேனாவால் இருபது என்று போட்டாள்.

பச்சைப் பேனாவால் சரிபார்க்கும் அபூ கைஸ் முப்பது வருட அனுபவக்காரர், நல்ல மனுஷர். தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது, மூணு வரிக்கு இருபதா? வெயில் தலைக்கேறிடுச்சா?"

"நிதானமா படிச்சுப் பாருங்க அபூ கைஸ்."

"படிச்சேன். எண்பது வார்த்தைக்குக் கீழ போனா சைபர். சட்டம் நான் போட்டதா?"

"உருப்போட்டவனுக்கெல்லாம் அஞ்சு குடுக்கறோம். இது சொந்தமா எழுதினது. அந்த அஞ்சையாவது குடுங்களேன். உங்க பிள்ளைங்க நல்லா இருப்பாங்க!"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இது யார் தாள்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் தாளே செல்லாது. திருத்துகிறவருக்குத் தெரிந்த பிள்ளை என்று வந்துவிட்டால், எழுதிய எல்லாப் பாடமும் ரத்து. பள்ளிக்கூடம் முடித்தாள் என்பதே இல்லாமல் போய்விடும். அந்தப் பெண்ணை விசாரணைக்கும் கூப்பிடுவார்கள்.

"தெரியாது."

"நிச்சயமா?"

"யாருன்னே எனக்குத் தெரியாது."

அபூ கைஸ் தாளை அவள் மேஜையில் வைத்தார். நம்பவில்லை, பாவம். "அப்ப நீயே அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போட்டுடும்மா. நான் எதையும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நிப்ராஸ் இருபதை அடித்தாள். பக்கத்தில் சைபர் போட்டாள். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

பிறகு அடுத்த தாளை எடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. என் அம்மா பாலத்தடியில் பாலேடு விற்றாள் என்று தொடங்கி, எட்டு மணிக்குக் காலமானாள் என்று முடிந்தது. அதற்கு ஐந்து மார்க் போட்டாள்.