வட்டுக்கோட்டைக்காரரின் இடதுகால்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன கிழமை என் அத்தான் பொன்னம்பலம், அதாவது என் அக்கா குணலட்சுமியின் புருஷன், மருதனார்மடம் சந்தையால் வந்த கையோடு என் வீட்டு விறாந்தையில் குந்திக்கொண்டு சொன்னார்:

"மச்சான், நீ பேப்பருக்குக் கதை எழுதிறனி. வட்டுக்கோட்டையிலை ஒருதன்ரை விறைச்ச காலுக்குச் சீனன் ஒருத்தன் ஊசி குத்தினவனாம். அதை எழுதன்."

அத்தான் என் கதை ஒன்றையும் இதுவரை காது கொடுத்துக் கேட்டவரல்ல. வாரப் பத்திரிகையில் என் பெயர் இரண்டு தரம் அச்சில் வந்தபோதும், புகையிலைக்கு அது எருவாகுமா என்று கேட்டவர். அப்படிப்பட்டவர் தேடி வந்து எழுதச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே பேனாவை எடுத்தேன்.

தொடக்கம் அ: "மாசிப் பனி மூடிய வட்டுக்கோட்டைத் தோட்டவெளியில்..." வேண்டாம். பனியைத் தொட்டால் எனக்கு நிறுத்த வராது.

தொடக்கம் ஆ: "பண்டைக் காலத்தில் சீன தேசத்திலே..." எனக்குச் சீன தேசத்தைப் பற்றி என்ன தெரியும்?

தொடக்கம் இ: "சீவரத்தினத்துக்குத் தன் இடதுகால் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது." இது நிற்கட்டும். (வட்டுக்கோட்டைக்காரரின் பெயர் அத்தானுக்கும் தெரியாதாம். சீவரத்தினம் நான் வைத்த பெயர்.)

2

சீவரத்தினம் இருபத்தெட்டு வருடமாகத் துலா மிதிப்பவர்.

[கொழும்பிலிருந்து வாசிப்பவர்களுக்கு: துலா என்பது கிணற்றின் மேல் ஏறியிறங்கும் நீண்ட மரம். ஒரு நுனியில் தண்ணீர் அள்ளும் பட்டை தொங்கும். இரண்டு பேர் அந்த மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடந்து அதைத் தாழ்த்தி உயர்த்துவார்கள். ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். உங்கள் வீட்டுக் குழாயைத் திருகும்போது எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.]

பிடித்துக்கொள்ளக் கட்டியிருக்கும் கயிற்றை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு, கோயில் வீதியில் உலாவுவது போல மரத்தில் நடப்பார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கார்த்திகையில் இடுப்பிலிருந்து குதிக்கால் வரைக்கும் ஒரு நரம்பு மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியத் தொடங்கியது. மார்கழியில் பாதம் விறைத்துப் போனது. ஒருநாள் அவர் நடந்த இடமெல்லாம் இரத்தம். பெண்சாதி பார்த்துச் சொன்ன பிறகுதான் காலில் முள் ஏறியிருந்ததே அவருக்குத் தெரிந்தது.

ஊர் வைத்தியரான பரியாரியாரிடம் போயிருக்கலாம். ஆனால் உணர்ச்சியில்லாத கால் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: பெருவியாதி, அதாவது குஷ்டம். பின்னேரம் பரியாரியாரிடம் காட்டினால் விடியமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். ஏழு குடும்பத்துக்குப் பங்குள்ள கிணற்றில் கயிற்றைத் தொடக்கூட விடமாட்டார்கள். துலாவில் ஏறாத சீவரத்தினத்தை அவரே அடையாளம் கண்டிருக்கமாட்டார். ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு, காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மிதித்தார்.

முன்னால் நடப்பவரின் கால் தவறினால் பின்னால் வருகிறவனும் சேர்ந்துதான் விழுவான். பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

3

இனிச் சீனர். சைக்கிளில் பட்டுப் பொதி கட்டி, இரண்டு கிழமைக்கொருதரம் ஊர் சுற்றி வருகிற வியாபாரி. (நானும் அவரிடம் ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன். பெயரைக் கேட்டேன். இரண்டு தரம் பொறுமையாகச் சொன்னார். என் தமிழில் அதை எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.) பொதிக்குள் ஒரு மூங்கில் குழாய், குழாய்க்குள் மயிர் போன்ற ஊசிகள். தன் ஊர்க்காரருக்கு நோவென்றால் குத்துவாராம்.

சீவரத்தினம் அவரைத் தேடிப் போனதற்கு வைத்தியத்தில் இருந்த நம்பிக்கை காரணமில்லை. அந்த மனிதருக்கு இந்த ஊரில் கதைப்பதற்கு ஓர் ஆள் கிடையாது, அதுதான் காரணம்.

புகையிலை உலர்த்தும் கொட்டிலுக்குள் பாயில் குப்புறப் படுத்தார். இடுப்பில் இரண்டு, முழங்காலின் பின்புறம் ஒன்று, கணுக்காலில் ஒன்று, விரல்களுக்கு நடுவே இரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தவர், நோகவில்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்தும் போனார். சீனர் முழங்கால் ஊசியை இரண்டு விரலால் மெல்லத் திருகி, "வருதா?" என்று கேட்டார். வந்தது. எறும்புக் கடி போல அல்ல. உள்ளுக்குள்ளே ஒரு தேங்காய் நாரை யாரோ குதிக்கால் வரைக்கும் இழுத்த மாதிரி.

மூன்றாம் தரம் வந்துபோனதோடு எரிவு நின்றது. குதிக்காலுக்கு உணர்ச்சி திரும்பியது. விரல்களுக்குத் திரும்பவில்லை. பட்டுப் பொதியைக் கட்டிக்கொண்டே சீனர் துலாவைக் காட்டி, இரண்டு விரலை நீட்டி, தலையை ஆட்டினார்: இரண்டு மாதம் அதில் ஏறக்கூடாது.

சீவரத்தினம் ஓம் என்றார். அடுத்த இறைப்புக்கு

4

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன், பாருங்கள்.

தேங்காய் நார் என்னை மறித்தது. அது என் கற்பனையல்ல, அத்தான் சொன்ன வார்த்தை. சொல்லும்போது தன் முழங்காலின் பின்புறத்தைத் தடவியும் காட்டினார். எவனோ வட்டுக்கோட்டைக்காரனின் காலுக்குள் நார் ஓடியது இவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தைமாதத்திலிருந்து அத்தான் துலாவில் கயிற்றைப் பிடிக்கிறார். தலையைக் குனிந்து நடக்கிறார். வயதாகிறதாக்கும் என்று நான் உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. அக்கா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீ முன்னால் ஏறினால் என்ன என்று கேட்டாள். ஏனென்று கேட்டதற்கு அழுதுவிடுவாள் போல அடுப்படிக்குள் போனாள்.

வாசகரே, பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினேன் அல்லவா? அந்தப் பின்னால் வருகிறவன் நான்தான். பெயர் பஞ்சலிங்கம். ஒன்பது வருடமாக அத்தானின் முதுகைப் பார்த்தே மிதிக்கிறேன்.

நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதுதான் கதையாக எழுதச் சொல்லியிருக்கிறார். நானோ என் எழுத்துக்கு மதிப்பு வந்துவிட்டதென்று துள்ளியிருக்கிறேன்.

5

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் கால் பூரணமாகச் சுகமாகி, அவர் கையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறார். பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் பொய்.

இரண்டாவதில் இருவரும் விழுகிறார்கள். நாலு வரியோடு தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் மைத்துனன் அவரை இறக்கிவிட்டுத் தான் முன்னால் ஏறுகிறான். இதில் நான் வீரனாக இருந்தேன், அதனாலேயே பிடிக்கவில்லை.

6

ஒன்றும் சரிவராமல் நேற்றுப் பின்னேரம் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அத்தானுக்கு வாசித்தேன், நாலாம் பகுதி உட்பட. அவர் சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டார். அக்கா படலையடியில் நின்றாள்.

"சீவரத்தினம் ஆர்?" என்றார் கடைசியில்.

"நான் வைச்ச பேர்."

"அதை வெட்டிப்போட்டு என்ரை பேரைப் போடு."

ஊர் பெருவியாதி என்று கதைக்கும், கிணற்றுப் பங்குக்காரர் விடமாட்டார்கள் என்று நான் தயங்கிச் சொன்னேன்.

"கதைக்கட்டும். இது அந்த வியாதியில்லையெண்டு சீனனை வைச்சுக் காட்டுறன், பரியாரியிட்டையும் காட்டுறன். உன்னைக் கிணத்துக்குள்ளை விழுத்தினவன் எண்டு கதைக்கிறதைத்தான் என்னாலை கேக்கேலாது."

இவரைவிட நிமிர்ந்த மனிதரை நான் துலாவின் மேல் கண்டதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: என் அத்தானை நினைக்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

நாளை விடிய எங்கள் முறை இறைப்பு. அத்தான் கீழே நின்று பட்டை பிடிப்பாரோ, பங்குக்காரர் கயிற்றைத் தொட விடுவார்களோ, அந்தக் கால்விரல்களுக்கு எப்போதாவது உணர்ச்சி வருமோ, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். இந்தத் தாள்கள் இன்றே தபாலில் போகின்றன.

வெட்டி எழுத எனக்கு நேரமில்லை. அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். இரண்டாம் பகுதிக்குப் போய், அங்கிருந்து சீவரத்தினம் என்று வரும் இடமெல்லாம் பொன்னம்பலம் என்று, உரத்து வாசியுங்கள்.