சாயம் பிடிக்கும் வரை

தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டுவிட்டார்.

"நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?"

கண்ணாடிக்குள் மனைவியின் கை நின்றது. கையுறை போட்ட கை, அதில் தூரிகை, தூரிகை நுனியில் கருப்பு. பக்கத்து நாற்காலியில் அதே கருப்பை அப்பிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், பத்திரிகையை மடியில் இறக்கினார். மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மகள் மட்டும் நிறுத்தவில்லை. மடித்த துண்டையே உதறி உதறி மறுபடி மடித்தாள்.

"முதல்ல காலை ஆட்டாம உட்காருங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்ன பிறகுதான் வலது கால் ஆடுவது அவருக்கே தெரிந்தது. அது அவர் பேச்சைக் கேட்கிற கால் இல்லை. தூக்கத்தில்கூட எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

அவர் ஓட்டக்காரர். ஜெயிக்கிற ஓட்டக்காரர் இல்லை, தோற்கிற ஓட்டக்காரரும் இல்லை. நெடுந்தூரப் பந்தயங்களில் வேகம் பிடித்துக் கொடுக்க என்று ஓர் ஆளைக் கூலிக்கு வைப்பார்கள். சொன்ன வேகத்தில் எல்லாருக்கும் முன்னால் பாதி தூரம் ஓடிவிட்டு, அவர் ஓரமாக விலகிவிட வேண்டும். மீதியை மற்றவர்கள் ஓடுவார்கள், மாலையை மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்த வேலையில் கடிகாரமே அவரைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரி செய்துகொள்ளும் என்று பேர். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், தேசம் தேசமாகப் போனார். முழங்கால் தேய்ந்த பிறகாவது வீட்டோடு இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று இன்னொரு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டிலும் அவருக்கு அதே தொழில்தான் என்பாள் மனைவி. விருந்துக்குப் போனால் பாதியில் எழுந்துவிடுவார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் பாதிக் காய்ச்சலில் பெட்டியைத் தூக்கிவிடுவார். சண்டையில்கூட அப்படித்தான். நாலு வார்த்தை ஏறியதும் "சரி" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். "ஒரு சண்டையாவது முழுசாப் போட்டிருந்தா உங்கப்பாவை நான் மன்னிச்சிருப்பேன்டி" என்று மகளிடம் சொன்னாளாம்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் அப்பா! "எங்கப்பாதான் முதல்ல!" என்று கட்டில்மேல் ஏறிக் குதித்தாளாம். ஒரு வளைவு திரும்பியதும் அப்பா இல்லை. படம் மற்றவர்களோடு போய்விட்டது. "அம்மா, அப்பாவைக் காணோம்" என்று அன்று அழுத அழுகை அடங்க வெகுநேரம் ஆனதாம். இதை மகள் போன மாதம்தான் அவரிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சிரிக்க வரவில்லை.

இப்போது ஊருக்கே திரும்பி வந்து, அச்சகத்து மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மனைவியைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி, அவளுடைய முடி வெட்டும் கடைதான். வாரம் தவறாமல் வந்தார். வழுக்கையைச் சுற்றி வேலி போட்ட மாதிரி இருந்த முடியில் வாராவாரம் வெட்ட என்ன இருக்கிறது? இரண்டு வெட்டில் முடிந்துவிடும். அதனால்தான் இந்த வாரம் சாயம் பூசச் சொன்னார். அதற்கு நேரம் பிடிக்கும்.

"அம்மா, அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றாள் மகள், துண்டைப் பார்த்துக்கொண்டே.

மனைவி மிச்சமிருந்த வேலிக்கும் கருப்பைப் பூசி முடித்தாள். "சாயம் பிடிக்கட்டும். நான் கழுவி விடுற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம உட்கார்ந்திருங்க. அப்புறம் சொல்றேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்களால முடியாது."

உட்கார்ந்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தின்மேல் இடது பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின் மண்டை அரித்தது. அரிப்பு எரிச்சலானது. வெளியே யாரோ அவசரமாக நடக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் முழங்கால் தானாக விறைத்தது. கண்ணாடியில் மனைவி அவரையே பார்ப்பதைக் கண்டார். இவ்வளவு நேரம் அவர் ஓரிடத்தில் இருந்து அவள் பார்த்ததில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது வேறு ஏதோ. தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "டீச்சரம்மா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"எங்க போறா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? அம்மா கடையைப் பாதியில விட்டுப் போனதே கிடையாது" என்றாள் மகள். "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா. அம்மா சொன்னதை மறந்துறாதீங்க."

"அட போம்மா!" என்றார் டீச்சர். "பொண்டாட்டி தெருவுல போறா, இவர் நாற்காலியைக் காவல் காக்குறாரு. எழுந்து போய்யா!"

"எழுந்திரிச்சா தோத்துருவாரு டீச்சர்."

"உட்கார்ந்து ஜெயிச்சு யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு?"

"கழுவி விடுற வரைக்கும்னு சொன்னாளே" என்றார் அவர் பரிதாபமாக.

"கழுவுறதுக்கு அவ இருக்கணுமில்ல?"

அவர் எழுந்துவிட்டார். கழுத்தில் கட்டிய கருப்புத் துணி பின்னால் பறக்க, காதோரம் சாயம் வழிய, வயதான வௌவால் ஒன்று பகலில் வழிதவறிப் புறப்பட்ட மாதிரி தெருவில் ஓடினார். பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தார். முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசவு வைத்தது. பேருந்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளைப் பிடித்தும் விட்டார். பிடித்தவர் நின்றிருக்கலாம். பழக்க தோஷம், அவளைத் தாண்டி இரண்டடி முன்னால் போய், அவள் நடைக்குத் தக்கபடி வேகத்தை அமைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

அவள் நின்றுவிட்டாள். "ஆரம்பிச்சுட்டீங்களா?"

அசடு வழிய இரண்டடி பின்னால் வந்தார். "ஏன் கிளம்பி வந்த?"

"பாதியில எழுந்து போறது எப்படித்தான் இருக்கும்னு பார்க்கணும்போல இருந்துச்சு. ரெண்டு தலையை ஈரமா விட்டுட்டு வந்திருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் ஆத்திரமா வருது."

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அவர் நின்றார்.

"பந்தயத்துல ஓரமா விலகினப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. யோசித்தார். "சத்தம் நம்மளை விட்டுப் போயிரும். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக் கத்துவாங்க. நான் பையைத் தேடிக்கிட்டு இருப்பேன். யார் ஜெயிச்சாங்கன்னு அப்புறம் யாராவது சொன்னாத்தான் தெரியும்."

"பொண்ணு வளர்ந்ததுகூட உங்களுக்கு யாரோ சொல்லித்தானே தெரியும்."

"நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான் ஓடுவேன். பின்னாடி வர்றவங்க விட்டுப்போனா வேகத்தைக் குறைக்கணும். அதான் வேலையே."

"யார் யாரையோ திரும்பிப் பார்த்திருக்கீங்க."

'சரி' என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைத் தொடர்ந்து கால்கள் கிளம்பும் என்பது அவருக்குத் தெரியும். விழுங்கினார். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "திட்டு" என்றார். "முழுசாத் திட்டு. நிக்கிறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். சாயம் அவர் புருவத்தில் இறங்கி மூக்கு நுனிக்குப் புறப்பட்டிருந்தது.

"எரியலையா?"

"எரியுது."

"எப்போலேர்ந்து?"

"நீ பூசி முடிச்சதுலேர்ந்தே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"அட ராமா, எரியுதுன்னு சொல்றதுக்கு எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்றவள் கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "டீச்சரம்மா தலையைக் கழுவி விடு. ஆமா, இங்கதான் நிக்கிறாரு. சிரிக்காதடி. அவங்களையும் சிரிக்க வேண்டாம்னு சொல்லு." வைத்துவிட்டு, "இப்பக் கடைக்குப் போனா அந்தம்மா முகத்துல முழிக்க முடியாது" என்றாள்.

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறினாள். ஏறிய பிறகு, படிக்கட்டுக்குக் கீழே நின்றவரைப் பார்த்து, "தலை வெந்து போறதுக்குள்ள ஏறுங்க" என்றாள்.

உள்ளே இடம் இருந்தது. ஜன்னலோரம் அவள் உட்கார, பக்கத்தில் அவர் முழங்காலை மடக்கப் போனார்.

"ஐயா, ஐயா, உட்காராதீங்க!" நடத்துநர் ஓடி வந்தார். "சொட்டுதே, சீட்டு கெட்டுப்போயிரும். நின்னுக்கிட்டே வாங்க. எங்க இறங்கணும்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஊரை விட்டுப் போன பிறகு தாயும் மகளும் வீடு மாறியிருந்தார்கள். எந்த நிறுத்தம் என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

"தண்ணித் தொட்டி நிறுத்தம்" என்றாள் அவள். "ரெண்டு பேர்."

துணிக்குள் கையை விட்டுச் சட்டைப்பையைத் துழாவிச் சீட்டு வாங்கினார். "கழுவினப்புறம்?" என்று மெல்லக் கேட்டார்.

"முதல்ல கழுவலாம்."

வண்டி குலுங்கியது. பிடித்துக்கொள்ளக் கம்பி எட்டவில்லை. அவள் எழுந்து வந்து, அவர் முதுகுப் பக்கம் கருப்புத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்து அவர் பார்த்திராத ஒரு தெருவுக்குள் திரும்பியது. எந்த வாசல் என்று தெரியாமல், ஜன்னலில் போகிற ஒவ்வொரு வாசலையும் அவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.