மாமனாருக்குப் பிடித்த சின்னம்

என் மாமனார் குடை செய்து விற்கிறவர். நான் கம்பெனிகளுக்குச் சின்னம் வரைகிறவன். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'படம் போடுறது'. மருமகன் என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், "வீட்லயே இருக்கார்" என்று முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் தன் குடைக்குப் புதுச் சின்னம் வேண்டுமென்று என்னிடமே கேட்டாரென்றால், அது என் மனைவி மூக்கைச் சிந்தி வாங்கிக் கொடுத்த வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது.

முதலில் வெள்ளைத்தாளில் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கா மாப்பிள்ளை இத்தனை நாள்?"

"எங்கப்பாவுக்குத் தாள்ல பார்த்தா எதுவும் ஏறாது. குடை மேல போட்டுக் காட்டுங்க," என்றாள் மனைவி.

அதற்குத்தான் எங்கள் தொழிலில் 'மாக்கப்' என்று ஒன்று இருக்கிறது. குடை, பை, கடைப் பலகை, வேன் என்று படங்கள் தயாராகக் கிடைக்கும். மாதிரிக்காக அவற்றில் ஏதோ ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு நம்முடையதை வைத்தால் போதும், நேற்று வரைந்தது காலங்காலமாகத் தெருவில் ஓடுகிற மாதிரி தெரியும். பொய்தான். ஆனால் இந்தப் பொய் இல்லாமல் எங்கள் பிழைப்பு நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்து டிவியில் போட்டேன். மாமியார், மச்சான் எல்லோரும் ஆஜர். குடை வந்தது. மாமனார் "ம்" என்றார். பைக்கும் "ம்". கடைப் பலகைக்கு அதுகூட இல்லை. கடைசியில் வேன் வந்ததும் மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது! இதுதான் வேலை!" என்றவர் மச்சான் பக்கம் திரும்பினார். "பார்த்துக்கடா, மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்ல!"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை, வேனை நானே ஒருமுறை உற்றுப் பார்க்கும்வரை.

வேனில் மட்டும் சின்னத்தை மாற்ற மறந்திருந்தேன். முகம் தெரியாத யாரோ மாதிரிக்குக் கிறுக்கிவைத்த வளையம் அது.

வாயை மூடிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதே வளையத்தை ஊரில் எவன் வேண்டுமானாலும் எடுத்துத் தன் வேனில் ஒட்டிக்கொள்வான். சொல்லித் தொலைத்தேன்.

"மாமா, அது நான் போட்டது இல்ல. படத்தோட வந்தது. போட்டவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது."

மாமனார் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியாமலே இவ்வளவு நல்லாப் போட்டிருக்காரே," என்றார். "உங்களுக்கு என்னை எத்தனை வருஷமாத் தெரியும் மாப்பிள்ளை?"