நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?

சாய்நாத் மூன்று வருடமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்திவருகிறான். மாட்டுங்காவில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தன் வீட்டுக்குள்ளேயே. மாணவி ஒருத்திதான், அவன் மகள் சாதனா, வயது பத்து. ஹெட்மாஸ்டர், வாத்தியார், பியூன், மத்தியானம் தட்டு வைப்பவர் எல்லாம் அவனே. மனைவி ஸ்ரீலேகா காலை எட்டு மணிக்கு வாஷிக்கு ஆபீஸ் கிளம்பினால் திரும்பி வர ஏழரை ஆகும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் போதும், சாய்நாத் ஒரு பிரசங்கமே வைத்திருக்கிறான். மனப்பாடம், மார்க்கு, குழந்தையின் கற்பனை என்று அரைமணி நேரம் ஓடும். உண்மை அதைவிடச் சின்னது. ரெண்டாம் வகுப்பில் சாதனாவுக்குப் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, தினமும் பஸ் ஏறும்போது வயிற்றுவலி என்று அழுவாள். அதே மாதம் சாய்நாத்தின் கம்பெனி அந்தேரி ஆபீசை மூடிவிட்டது. வீட்டில் ரெண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பாடம் தொடங்கினார்கள். கொள்கையெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான்.

ஆனால் நியாயமாகச் சொன்னால் மனுஷன் நன்றாகவே சொல்லிக்கொடுப்பான். அடைக்கு நனைக்கிற அரிசி பருப்பை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தான். பூக்கடையிலிருந்து ஒரு தாமரையை வாங்கிவந்து சமையல் மேடையில் பிரித்துப் போட்டு மகரந்தத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தான். வடாலாவில் மோனோ ரயில் ஏறி செம்பூர் வரை போய், வேகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். சிவ்ரி சேற்றில் பூநாரைகள் வந்து நிற்கும் மாதங்களில் விரல்களைச் சட்டமாகக் கோத்துப் பிடித்து, ஒரு சட்டத்துக்குள் இத்தனை என்றால் மொத்தம் எத்தனை என்று எண்ணினார்கள். அந்த நாட்களில் சாதனாவின் முகத்தைப் பார்த்தால் யாரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. சனிக்கிழமைகளில் ஃபைவ் கார்டன்ஸ் பார்க்கில் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிறவர்கள் கூடுவார்கள். வருவதெல்லாம் அம்மாக்கள். சாய்நாத் போய் உட்கார்ந்தால் நாலு பேரும் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அவன் இல்லாமல் வேறொரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக்கொண்டார்கள். அவனைச் சேர்த்திருந்த பழைய குழுவில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பிறகு அவனும் போவதை விட்டான். சாதனாவும் வீட்டோடு நின்றுவிட்டாள். அவளை அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ரெண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஓர் இடம் காலியானது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபார்மைக் கொடுக்க வேண்டும். ஸ்ரீலேகா ஃபார்மை வாங்கிவந்து, புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் மகளைத் தனியாகக் கேட்டாள்.

"வேண்டாம்கறா," என்று வந்து சொன்னாள். "ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

"அவளுக்கு இங்க பிடிச்சிருக்கு ஸ்ரீ. இதுல காரணம் என்ன வேண்டியிருக்கு?"

"இருக்கலாம். இருந்தாலும் ஃபார்மைக் கிழிச்சுப் போடலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் பையிலதான் இருக்கும்."

சாய்நாத் முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டான். உள்ளுக்குள் ஜெயித்த சந்தோஷம். அன்றைக்கு ரெண்டாவது டோஸ் காப்பிக்கு அவனே பால் காய்ச்சினான்.

வியாழக்கிழமை பாடம், தகவல் திரட்டி பட்டை வரைபடம் போடுவது. எதைப் பற்றி ஸர்வே எடுக்கலாம் என்று யோசித்து, கையில் காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கேள்வியை சாய்நாத்தே தேர்ந்தெடுத்தான். நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்? விதிகளையும் அவன்தான் வகுத்தான். வீட்டு மனிதர்கள் கணக்கில் சேரக் கூடாது. ஃபோனில் பேசியதைச் சேர்க்கலாம். ரெண்டு வாக்கியமாவது பேசியிருக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, கேள்வி எங்கே வந்து முட்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அதிபுத்திசாலிகளுக்கு இப்படித்தான் ஆகும்.

சாதனா கட்டடம் முழுவதும் ஏறி இறங்கிவிட்டு மத்தியானம் திரும்பிவந்தாள். ரெண்டாம் மாடியில் தனியாக இருக்கிற நாகலக்ஷ்மி மாமிக்குப் பதினேழு. மாடிப்படியில் யார் வந்தாலும் பிடித்து நிறுத்திப் பேசிவிடுவாளாம். ரயில்வேயில் ரிடையரான சுந்தரராமனுக்கு ஒன்பது. கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் ராஹிலுக்கு அறுபத்து மூன்று. அவனுடைய பட்டை காகிதத்துக்கு வெளியே போய்விடும் என்பதால் ஒரு கட்டத்துக்கு ஐந்து பேர் என்று அளவை மாற்ற வேண்டியிருந்தது. சாய்நாத் அதைப் பாராட்டினான்.

"இப்போ உன் நம்பரைச் சொல்லு," என்றாள்.

"என்னையும் சேத்துக்கணுமா?"

"நாமளும் இந்த பில்டிங்தானே."

"ஏழு."

சாதனா எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். "நேத்திக்கு ஃபுல்லா நான் உன்கூடத்தானே இருந்தேன். யாரு ஏழு பேர்?"

"கொரியர்காரன் வந்தானே."

"அவனுக்கு ஓடிபி சொன்னே. அது வாக்கியம் இல்லை."

"காய்கறிக்காரன்?"

"நீ தக்காளியைக் கையால காட்டினே. அவன் ஸ்கேன் பண்ணுங்கோன்னான். அது ஒரு வாக்கியம்தான். அதுவும் அவன் பேசினது."

அவள் சண்டை போடவில்லை. தப்பான விடையைத் திருத்துகிற மாதிரிப் பொறுமையாகத்தான் சொன்னாள். எதையும் சரிபார்க்காமல் எழுதாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவனேதான்.

"ஜீரோவுக்கு எப்படிப்பா பார் போடறது?"

"பேரை மட்டும் கீழ எழுது. மேல காலியா விட்டுடு," என்றான் சாய்நாத். குரல் வாத்தியார் குரலாகவே வந்தது.

அப்பா என்று எழுதினாள். பக்கத்தில் நான் என்று எழுதினாள். ரெண்டுக்கும் மேலே வெறும் காகிதம்.

ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள், "அதனாலதான் வேண்டாம்னேன்."

"எது?"

"ஸ்கூல். வீட்டு மனுஷாளையும் சேத்துண்டா உனக்குப் பகல்ல ஒரு ஆள் இருக்கு. நான் போயிட்டா அதுவும் இல்லை."

சாய்நாத்துக்குக் காது சுட்டது. "உனக்குப் போகணும்னு இருக்கா?"

"கீழ் வீட்டு ஷ்ருதி அங்கதான் படிக்கறா," என்றாள் சாதனா. "அவ க்ளாஸ்ல நாப்பது பேராம்ப்பா."

அந்த நாற்பதை அவள் சொன்ன விதத்தை அவனால் தாங்க முடியவில்லை. இவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தான். பார்த்துக்கொண்டிருந்தது அவள். பத்து வயதுக் குழந்தை, தன் ஆசையை மென்று விழுங்கிவிட்டு அவனுக்குக் காவல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவனுக்கு அவமானமாக இருந்தது.

"யார் சொன்னா எனக்கு ஆள் இல்லேன்னு?" என்று எழுந்தான். "நீ கூடவே இருக்கறதால நான் பேசறதில்லை. கீழ இறங்கினா எவ்வளவு பேர். வேணும்னா ஜன்னல் வழியா பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். நாகலக்ஷ்மி மாமி வீடு பூட்டியிருந்தது. ஊரிலுள்ள எல்லோரையும் பிடித்து நிறுத்துகிற மாமி, இவனுக்கு வேண்டிய நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டாள். முற்றத்தில் வெயில்தான் இருந்தது. கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஹில். சாய்நாத் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் மாடி ஜன்னலில் சாதனாவின் தலை தெரிந்தது.

"பானி ஆயா க்யா?" என்று கேட்டான்.

"நஹி சாப். சார் பஜே ஆயேகா," என்றான் ராஹில்.

தண்ணீர் நாலு மணிக்கு வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. மேற்கொண்டு என்ன கேட்பது என்று சாய்நாத்துக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக தினமும் பார்க்கிற ஆள், ஊர் எது, பிள்ளைகள் உண்டா, ஒன்றும் தெரியாது. ராஹில் மரியாதைக்காக எழுந்து நின்று காத்திருந்தான். அதற்குள் ஒரு கார் ஹாரன் அடிக்க, கேட்டைத் திறக்க ஓடினான். அங்கே டிரைவரோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டான். அறுபத்து மூன்று என்றால் சும்மாவா.

சாய்நாத் திரும்பி மேலே பார்க்கவில்லை. ராஹிலின் காலி நாற்காலிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மேலேயிருந்து பார்த்தால் ஓர் ஆளிடம் பேசுவதுபோலத் தெரியும் என்று கணக்குப் போட்டு, கையை ஆட்டிப் பேசினான். வாயில் வேறெதுவும் வராததால் ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னான். காட்டன் கிரீன், சிவ்ரி, வடாலா, ஜிடிபி நகர். நடுநடுவே தலையை ஆட்டிச் சிரித்தான். சூனாபட்டி, குர்லா, திலக் நகர்.

"அப்பா."

சாதனா பக்கத்தில் நின்றாள். செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்திருந்தாள்.

"நான் ஸ்கூலுக்குப் போறேன்ப்பா," என்றாள். "அம்மாட்ட சொல்லிடு. நீ இப்படிப் பண்ணாதே."

அவன் ஃபோனை எடுத்தான். ஸ்ரீலேகா எடுத்ததும், "ஃபார்மை நாளைக்குக் குடுத்துடு. அவளே சொல்லிட்டா," என்றான். அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். "ம், நான் சரியாத்தான் இருக்கேன்," என்று சொல்லி ஃபோனை வைத்தான்.

மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் மாடி ஏறினார்கள். முதல் மாடிவரை மெதுவாக, அவனுக்குத் துணைபோல வந்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. கையை விட்டுவிட்டு, ரெண்டு ரெண்டு படியாகத் தாவி, ஷ்ருதியிடம் எப்போது சொல்லலாம் என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே மேலே ஓடினாள். சாய்நாத் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான்.