தெரசம்மாளின் சிவப்புப் பாசி

பஸ் கூரையிலிருந்து ஆரோக்கியதாஸ் மாமா இறக்கிய கடைசிக் கேனை லீமா மார்போடு அணைத்து வாங்கினாள். பாம்பன் கடல் தண்ணீர். மதுரையில் பஸ் மாறி மலையேறி வந்திருந்தது.

"அக்கா எப்படி இருக்கு?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு மாமா. ஆனா அம்மா வெள்ளனே இருந்து தண்ணி எங்க, தண்ணி எங்கன்னு ஒரே சத்தம்."

மாமா சிரித்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெரசம்மாள் பாம்பனிலிருந்து கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஊர் திரும்பிய அமெரிக்க டீச்சர் ஒருத்தி கண்ணாடித் தொட்டியையும் காற்று மோட்டாரையும் ஹீட்டரையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கமீன் வளர்க்கச் சொன்னவர்களிடம், "கடலையே கொண்டாந்து விடுவேன்" என்றாள் தெரசம்மாள். விட்டாள். கடல் பாறைகள், ஒரு சோடி மீன், பாறையில் ஒட்டிப் பொத்தான் பொத்தானாக விரியும் பவளங்கள். அவள் புருஷன் செத்த பிறகும் அந்தக் கடல் உயிரோடு இருந்தது.

இந்த வருஷம் மழை முடிந்ததும் தொட்டிக்குள் சிவப்புப் பாசி வந்தது. ஈரப் பட்டுத் துணியைப் போர்த்தியதுபோல் பாறைகளை மூடியது. ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தால் மறுநாளே திரும்ப வந்தது. பவளங்கள் வாயை மூடிக்கொண்டன.

"வெளிச்சமும் மீன் தின்ன மிச்சமும்தான் அதுக்குச் சோறு. ரெண்டையும் நிறுத்து" என்று தெரசம்மாள் படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டாள். தீனியைக் குறைத்தார்கள். மோட்டாரையும் ஹீட்டரையும் மட்டும் ஓடவிட்டு, தொட்டியைக் கம்பளியால் இருட்டாக்கினார்கள். இன்று கம்பளியை எடுக்கும் நாள்.

கேன்களோடு நுழைந்தபோது தெரசம்மாள் தொட்டியை ஒட்டிய கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் திருவிழாவுக்குப் புறப்பட்டவள்போல் மின்னியது. கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு நஜீமாவும் போகாமல் நின்றுவிட்டாள்.

"எடு ஏட்டி!"

லீமா கம்பளியை உருவினாள். பாறைகள் வெறிச்சென்று நின்றன. சிவப்பைக் காணோம். அடியில் சாம்பல் நிறக் கந்தல் மட்டும் கிடந்தது.

"செத்தான்!" தெரசம்மாள் கைதட்டினாள். ஓசை வரவில்லை. "கந்தல உறிஞ்சு. மெதுவா! கலக்கிவிட்டா மறுபடி முளைப்பான்."

ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, லீமா தோள்வரை கையை விட்டு உறிஞ்சினாள். மாமா கேனைத் திறந்தார்.

"ஊத்தாத! ஐஸா இருக்கும். அடுப்படியில வைங்க, சூடு ஏறட்டும்."

மாமா லீமாவை ஓரமாக இழுத்தார். "அதுவரைக்கும் அக்கா தாங்குமா? ஊத்திருவோம், பாத்துட்டாவது…"

"நான் பாக்கணும்னு அதுகளக் கொல்லவா?" என்றது கட்டில். காது மட்டும் அவளுக்குக் கெடவே இல்லை.

காத்திருந்தார்கள். சன்னலில் மஞ்சு மூட்டம் ஏறி இறங்கியது. தெரசம்மாளின் மூச்சு நின்று நின்று வந்தது. நடுநடுவே ஒரு கரண்டித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி விரலை முக்கிப் பார்த்தாள். இன்னும், இன்னும் என்று தலையாட்டினாள். கடைசியில், "ம்" என்றாள். லீமா ஓடினாள். மாமா சொம்பு சொம்பாக ஊற்றினார். தொட்டி பளிங்கானது.

பவளங்கள் மூடியே இருந்தன.

"அல்லா! விரியுதே!" நஜீமா கூவினாள்.

பாறை மூலையில் ஒரு பச்சைப் பொத்தான் மெல்ல இதழ் பிரித்தது.

"எங்க? எங்க?" லீமா தாங்கிப் பிடிக்க, தெரசம்மாள் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். பார்த்துவிட்டாள். சிரிப்பில் மூச்சிரைத்தது. படுத்துக்கொண்டாள். "மத்ததையும் பாத்துச் சொல்லு ஏட்டி."

லீமா தொட்டி முன் மண்டியிட்டாள். "இந்தா, பக்கத்துலயும்மா! கீழயும் ஒண்ணு! அம்மா, அந்தப் பழுப்புக்காரன்கூட எட்டிப் பாக்குறான்! மீனு கிட்ட வருது, பயப்படவே இல்ல! எல்லாம் ஒண்ணா…"

மாமாவின் கை அவள் தோளில் விழுந்தது.

லீமா திரும்பவில்லை. "இன்னொண்ணும்மா" என்றாள், குரல் தாழ்ந்து.

நஜீமா கட்டிலருகே போய்த் தெரசம்மாளின் கண்ணை மூடி, சேலையைச் சரிசெய்தாள். பிறகு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கையக் கழுவிக்கம்மா. ஆளுக வர ஆரம்பிச்சிருவாங்க."

தோள்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"பெறகு கழுவுறேன்க்கா" என்று லீமா ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டாள்.