1907இல் பிடிக்காத பிறேக்

“அத்தான், ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழிலை எந்த லொறிக்குப் பிறேக் பிடிக்கேல்லை?”

“லொறியெண்டு நான் எழுதேல்லை. ட்றைவர் எண்டுதான் எழுதினனான்.”

“பிறேக் எண்டு எழுதியிருக்கிறியளே. குதிரைக்கோ இருந்தது பிறேக்?”

றஜிந்தன் தேநீரை ஊதினான். அது ஆறி அரைமணி நேரமாகிவிட்டது, ஆனாலும் ஊதினான். மனைவியின் தங்கை, பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கிறவள், வாயாடி, இந்த மூன்று பேரும் றொஷினி என்ற ஒரே ஆளாக எதிரே வந்து உட்கார்ந்தால் யாருக்கும் ஆறின தேநீரும் சுடத்தான் செய்யும்.

அவன் வடக்கே மரம் அறுக்கும் ஊர்களிலிருந்து லொங்குய்ய் நகரத்து மரக்காலைக்குப் பலகை ஏற்றிவரும் லொறிக்காரன். அந்தப் பாதைகளில் ஆறு வளைகிற இடமெல்லாம் பிரெஞ்சில் எழுதின நினைவுப் பலகைகள் நிற்கும். இங்கே முதல் மர ஆலை எரிந்தது, இங்கே நாற்பது பேர் ஒரு பனிக்காலம் முழுக்க அவரையும் பன்றிக்கொழுப்பும் தின்று மரம் தறித்தார்கள் என்று. றஜிந்தன் இறங்கிப் படம் எடுப்பான். மாதம் ஒரு பலகையைத் தமிழாக்கிப் பங்குக் கோயில் பத்திரிகைக்குக் கொடுப்பான். அவனுடைய பிரெஞ்சு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போதும். சரித்திரம் வாங்கக் கொஞ்சம் குறையும்.

போன மாதப் பலகை ஆற்றோடு போன ஒரு ட்றைவரைப் பற்றியது. டக்சி ஓட்டும் அருமைராசா அதை வாசித்துவிட்டு அழுதேவிட்டார். “எங்கடை தொழிலிலை முதல் போன ஆத்துமா” என்று சொல்லி, பங்கிலுள்ள டக்சி, பஸ், பீட்சா வண்டிக்காரர் அத்தனை பேரையும் சேர்த்து அந்த ஆத்துமாவுக்காக நாளை ஞாயிறு பூசைக்கு ஒழுங்கு செய்துவிட்டார். பூசை முடிவில் றஜிந்தன் எல்லாருக்கும் முன்னால் நின்று கட்டுரையை வாசிக்க வேண்டும். கனடா வந்த பதினான்கு வருடத்தில் அவனை எழும்பிப் பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை. வெள்ளைச் சேட் புதன்கிழமையே அயன் பண்ணித் தொங்குகிறது. வாசிக்கிற பிரதியைத் தட்டெழுதித் தரச் சொல்லித்தான் பலகையின் படத்தோடு கோட்-டெ-நெய்ஜுக்கு, மச்சாளின் அறைக்கு வந்திருந்தான்.

“அது ட்றைவர் இல்லை அத்தான். ட்றவேர்.”

“ஓம், அவங்கள் எழுதுறது அப்பிடித்தான். எந்தச் சொல்லை ஒழுங்கா எழுதினவங்கள்?”

“ட்றவேர் எண்டால் ஆத்திலை மரம் ஓட்டுறவர். பனி கரையேக்கை மரக்குத்தியளை ஆத்திலை விட்டு, அதுக்கு மேலை ஏறி நிண்டு தடியாலை தள்ளிக்கொண்டு போறவை. ஆனால் அந்தச் சொல்லும் இங்கிலிஷ் ட்றைவிலையிருந்துதான் வந்தது.”

றஜிந்தன் நிமிர்ந்தான். “அப்ப ட்றைவர்தானே!”

“பிறேக்?”

மறுபடி குனிந்தான்.

றொஷினி படத்தைக் கணினியில் பெரிதாக்கி, விரல் வைத்து வாசித்தாள். “ஜோசப். வயது பத்தொன்பது. குத்தியள் சிக்கி நிண்ட இடத்திலை அடிக்குத்தியை இழுத்துவிடப் போனவர். குத்தியள் எல்லாம் ஒண்டாய்ப் புறப்பட்டிட்டுது. பதினொரு நாளுக்குப் பிறகுதான் உடம்பு கிடைச்சது.”

“பத்தொன்பதோ?” என்றான். பிறகு, “பிறேக் இல்லாத வேலைதான்” என்றான்.

“கதையை மாத்தாதேங்கோ. மிதிக்க மிதிக்க வண்டி கேளாமல் போனது, வலது கால் ஒரு மணித்தியாலமா நடுங்கினது எண்டு எழுதினியளே, இதெல்லாம் எந்தப் பலகையிலை கிடந்தது?”

அவன் கோப்பையைச் சுற்றினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

“அது பலகையிலை இல்லை. மாசி மாசம், அந்த இறக்கத்திலை, என்ரை லொறி. கொண்டுபோய்ப் பனிக்குவியலுக்குள்ளை சொருகினன். இறங்கிப் பார்க்கிறன், முன்னாலை இந்தப் பலகை நிக்குது. ட்றைவர், செத்தவர், இந்த ரெண்டும்தான் எனக்கு விளங்கினது.”

றொஷினி சிரிக்கவில்லை. “அக்காவுக்குத் தெரியுமோ?”

“தெரிஞ்சால் லொறி ஓட விடமாட்டாள். அடுத்த கிழமை நான் பேக்கரியிலை பாண் அடுக்கிக்கொண்டு நிப்பன்.”

“நல்லதுதானே. பாணுக்குப் பிறேக் தேவையில்லை.”

இந்த முறை அவனும் சிரித்தான். ட்றைவர்தான் என்று வைத்துக்கொண்டு, பிறேக்கை மட்டும் வெட்டிவிட்டு வாசிக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. அருமைராசா இன்னொரு முறை அழுவார். படத்திலிருந்த பெயரையும் வயதையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, கட்டுரையின் அடியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:

‘இதில் ஒரு பிழை உண்டு. ஆற்றில் இறந்தவர் மரம் ஓட்டிய ஜோசப். பிறேக் பிடிக்காமற் போனது எனக்கு. நான் இருக்கிறேன். பூசை அவருக்கு.’

றொஷினி அதை இரண்டு தரம் வாசித்தாள். திருத்துவதற்கு ஒரு எழுத்துப் பிழைகூட அகப்படாதது அவளுக்கே ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். தட்டெழுதத் தொடங்கினாள்.

றஜிந்தன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். இருபது தொன் பலகையோடு மலை இறங்குகிறவனின் குரல், பூனைக்குட்டியின் குரலாகிவிட்டது.

“மச்சாள், உன்ரை அக்கா கோயிலிலை முன் வாங்கிலை இருப்பாள். நாளைக்கு அந்தக் கடைசி அஞ்சு வரியையும் நீ எழும்பி வாசிக்கிறியே?”